பாடத்தில் இல்லாத கேள்வி

இங்க உக்காரும்மா, ஃபேன் காத்து இங்கதான் வரும். வாசல்ல ஏசின்னு எழுதி வெச்சிருக்கான், உள்ள வந்தா இந்த ஒரே ஃபேன். அந்த மூலைப் பக்கம் போகாத, மேல ஒட்டடை தொங்குது. ரத்தம் எடுக்கற இடம், கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கக் கூடாதா? யாரைக் கேக்கறது.

சுகர் டெஸ்ட்டா? உனக்கா? வீட்டுக்காரருக்கா. வெறும் வயித்து ரத்தம் குடுத்தாச்சா? சரி, இனிமே சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கணும். எனக்கும் அதேதான். இப்பதான் வீட்டுலேர்ந்து கொண்டாந்த டப்பாவைக் காலி பண்ணேன். எங்க அவரு? எதிர் ஹோட்டல்லயா? என்ன சாப்பிடறாரு? பூரியா? உருளைக்கிழங்கோடவா? நீ என்னம்மா பொண்ணு, போன் போட்டு நிறுத்தச் சொல்லு. சரி, விடு. இந்நேரம் தின்னு முடிச்சிருப்பாரு. உனக்கு யாரும் சொல்லித் தரல, நீ என்ன பண்ணுவ.

கம்பெனி வேன் ஓட்டறாரா. அங்க மெடிக்கல் வெச்சிருக்காங்களா? எப்ப? அடுத்த மாசமா? அப்ப இன்னிக்கு வர்றதைப் பத்திக் கவலைப்படாத, இது சும்மா மாதிரித் தேர்வு. நாள் இருக்கு. நான் சொல்றதைக் கேட்டுக்கோ. எனக்கும் பேச்சுத் துணையாச்சு.

நான் டீச்சர். ஸ்கூல்ல இல்ல, டியூஷன். ஹவுசிங் போர்டுல வந்து புனிதவதி டீச்சர் வீடுன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. இப்பதான் நிறுத்திட்டேன். பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குத்தான் எடுப்பேன். தேறாதுன்னு ஸ்கூல்ல ஒதுக்கின பிள்ளைங்களை அம்மாக்காரிங்க அழுதுகிட்டே கூட்டிட்டு வருவாங்க. ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்ல என் கையில. எப்படின்னு கேளு. புஸ்தகம் பூரா படிக்க வெக்கறது மடத்தனம். எது வரும், எது வராது, அதைத் தெரிஞ்சுக்கணும். அறிவியல்ல எட்டு பாடம் போதும் பாஸ் பண்ண. மிச்சத்தைத் தொடவே கூடாது, தொட்டா இருக்கறதும் மறந்துடும். இதைச் சொன்னா ஸ்கூல் டீச்சருங்களுக்குக் கோபம் வரும். அவங்க பிள்ளைங்க ஃபெயில் ஆகும், என் பிள்ளைங்க பாஸ் ஆகும். யார் சொல்றது சரி?

எங்க வீட்டுக்காரரு பேரு தேசிங்கு. திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுல கிரேன் ஓட்டினாரு. சாதாரணக் கிரேன் இல்ல, மேல ஒரு கூண்டு இருக்கும், அதுல உக்காந்தா கடல் தெரியும். வெளிய எத்தனை கப்பல் நிக்குது, எந்தக் கப்பல் துருப்பிடிச்சிருக்கு, எது புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாம சொல்லுவாரு. அவ்வளவு கூர்மையான கண்ணு அவருக்கு. பெட்டிய இறக்கும்போது ஒரு விரக்கடை தள்ளி வெச்சாரு, நசுங்கிச்சுன்னு ஒரு பேச்சு வந்ததில்ல.

அங்க வருஷா வருஷம் மெடிக்கல். பிரஷர் பாப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. சர்க்கரை ஜாஸ்தின்னா கிரேன்லேர்ந்து இறக்கிடுவாங்க. கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதணும். ஒரு வருஷம் எடுத்தாங்க, ஃபெயில். வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுகிட்டு உக்காந்தாரு. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்கன்னாரு. "எனக்குச் சர்க்கரை வந்துடுச்சு புனிதா"ன்னாரு. "வந்தா வந்துட்டுப் போவுது, ரிப்போர்ட்ல வரக் கூடாது, அவ்வளவுதானே"ன்னு சொன்னேன். அந்த மனுஷன் முகத்துல அப்பதான் உயிரே வந்துது.

என்ன பண்ணேன்னு சொல்றேன், உனக்கும் ஆகும். சோறை நிறுத்தினேன். காபியை நிறுத்தினேன். காலைல வெந்தயத் தண்ணி, மத்தியானம் பாகற்காய், ராத்திரி கோதுமைக் கஞ்சி. நாலு மாடியும் ஏறி இறங்க விட்டேன், காலையும் சாயங்காலமும். நான் கீழ நின்னு கைக்கடிகாரத்தைப் பாத்துகிட்டு நிப்பேன், பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வெக்கற மாதிரி. மெடிக்கல் ஷாப்காரரு ஒரு மாத்திரை குடுத்தாரு. அதையும் போட்டாரு. திரும்பப் போனாரு, பாஸ். அன்னிக்குச் சாயங்காலம் ஒரு பை ஜாங்கிரியோட வந்தாரு. "என் டீச்சருக்கு"ன்னாரு. ரெண்டு பேரும் உக்காந்து தின்னோம். பொண்ணுக்கு மிச்சம் வெக்கணும்கற நினைப்பே இல்ல.

அப்புறம் அது வழக்கமாப் போச்சு. மெடிக்கல் வருதுன்னா முன்னாடி வாரம் பாகற்காய், முடிஞ்ச அன்னிக்கு ஜாங்கிரி. நடுவுலயா? நடுவுல மனுஷன் சாப்பிட வேண்டாமா? ஞாயித்துக்கிழமை பிரியாணி, வேலை விட்டு வந்தா டீயும் போண்டாவும், தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாதாம் பால். வருஷம் பூரா எவன் படிக்கறான்? பரிட்சை வரும்போது படிச்சாப் போதும். அந்த மாத்திரையைத் தினமும் போடணும்னு ஷாப்காரரு சொன்னாருதான். தினமும் போட்டா உடம்பு பழகிடாது? அப்புறம் டெஸ்ட் நேரத்துல அது எப்படி வேலை செய்யும்? இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, நானா யோசிச்சது.

கடைசி வரைக்கும் கிரேன்லதான் இருந்தாரு. மாலை போட்டு, சால்வை போத்தி, மேல இருந்தபடியே ரிட்டயர் ஆகி வந்தாரு. அதை யாரும் மறந்துடக் கூடாது.

ரிட்டயர் ஆனதும் எங்க தெருமுனை கிளினிக்ல கோதண்டபாணி டாக்டர்கிட்டப் போக ஆரம்பிச்சோம். நல்ல மனுஷன், இப்ப இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாரு. எனக்கென்ன, காலாண்டு, அரையாண்டு மாதிரி வெச்சுகிட்டேன். தேதி தெரிஞ்சாப் போதும், தயார் பண்ணிடுவேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பாப்பாரு, "பிரமாதம் தேசிங்கு, எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா நான் கடையை மூடிடலாம்"பாரு. மாத்திரையைப் பாதியாக் குறைச்சாரு. வெளிய அவ்வளவு கூட்டம் நிக்கும், ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிசு. கண் டாக்டர்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிடுங்கன்னு ஒருநாள் சொன்னாரு. "நார்மலா இருக்கறவருக்கு எதுக்கு சார்"னு கேட்டேன். சிரிச்சுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரு.

எங்க பிளாக்ல இது பரவிடுச்சு. யார் வீட்டுல டெஸ்ட்னாலும் என்கிட்ட வருவாங்க. எதிர்வீட்டு ஜெயசீலி இருக்காளே, அவ புருஷனுக்கு இன்சூரன்ஸ் மெடிக்கல். நான்தான் தயார் பண்ணேன். பாஸ் ஆகி, கேக்கு கொண்டாந்து குடுத்தா. இப்ப என்னைப் பாத்தாக் கதவைச் சாத்திக்கறா. சாத்திக்கட்டும்.

போன வருஷம் மழைக்காலத்துல ஒருநாள், ஹால்ல ஒட்டடை தொங்குது புனிதான்னாரு. டியூஷன் பிள்ளைங்க வர்ற நேரம். ஸ்டூல் போட்டு ஏறி அடிச்சேன். இன்னும் இருக்குன்னாரு. எங்கன்னேன். ஜன்னல் பக்கம்னாரு. ஜன்னல் பக்கம் போனா, இல்ல, பீரோ மேலன்னாரு. பீரோ மேல பாத்தா ஒண்ணும் இல்ல. தலையைத் திருப்பினா அதுவும் கூடவே வருதுன்னாரு. எனக்கு வந்துது பாரு கோபம். "ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்துட்டா பொண்டாட்டியை ஸ்டூல் மேல ஏத்தி வேடிக்கை பாக்கணுமா"ன்னு ஒட்டடைக் குச்சியை அவர் காலடில போட்டுட்டு உள்ள போயிட்டேன். அதுக்கப்புறம் அவரு அதைப் பத்திப் பேசல. கையை மட்டும் அப்பப்ப முகத்துக்கு நேரா ஆட்டுவாரு, கொசு ஓட்டற மாதிரி.

நான் கவனிக்காம விட்டுட்டேன்னு மட்டும் சொல்லாத. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரரு விளக்கடிச்சுப் பாத்துட்டு, "ஐயாவுக்குச் சுகர் இருக்கா"ன்னு கேட்டாரு. ரிப்போர்ட் என் பையிலயேதான் இருக்கும். எடுத்து மேஜை மேல வெச்சேன். பாத்தாரு. நார்மல்னுதான் இருக்கு, வேற என்ன சொல்லுவாரு? புதுக் கண்ணாடி போட்டுக் குடுத்தாரு.

அப்பதான் கோதண்டபாணி டாக்டர் போய்ச் சேர்ந்தாரு. அவர் நாற்காலில ஒரு பொண்ணு வந்து உக்காந்துது. நிவேதிதான்னு பேரு. என்கிட்டப் படிச்ச பிள்ளைங்களை விட சின்னதா இருக்கும். வழக்கம்போலத் தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். வெறும் வயித்துல எடுத்தாங்க, சாப்பிட்டு எடுத்தாங்க, ரெண்டும் நார்மல். நான் எழுந்துட்டேன். அந்தப் பொண்ணு "உக்காருங்கம்மா, இன்னொண்ணும் எடுத்திருக்கேன்"னுது. மூணு மாசச் சர்க்கரையாம். மூணு மாசமா ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை இருந்துதுன்னு அதுல தெரிஞ்சுடுமாம். எங்களைக் கேக்கல, முன்கூட்டிச் சொல்லல, அது பாட்டுக்கு அதே ரத்தத்துல எடுத்திருக்கு.

பாடத்துல இல்லாத கேள்வி. நீயே சொல்லு, இது நியாயமா? எட்டு பாடத்தைக் குடுத்துட்டு ஒன்பதாவதுலேர்ந்து கேட்டா பிள்ளை என்ன பண்ணும்?

"இவ்வளவு ஜாஸ்தியா இருக்கே, ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும். நேத்து என்ன சாப்பிட்டீங்க, போன மாசம் என்ன சாப்பிட்டீங்க"ன்னு அவரைக் கேட்டுது. அவரு என்னைப் பாத்தாரு. நான் சொன்னேன், "எப்பவும் ஒரே மாதிரிதான் டாக்டரம்மா, எங்க வீட்டுல சர்க்கரை டப்பாவே கிடையாது"ன்னு. அது பேனாவை மூடி வெச்சுது. அப்புறம் மெதுவா, "அம்மா, இது பரிட்சை இல்ல"ன்னுது.

விடுவேனா? "பரிட்சை இல்லன்னா எதுக்கு மார்க் மாதிரி நம்பர் போட்டு, பக்கத்துலயே பாஸ் எவ்வளவுன்னு அச்சடிச்சுக் குடுக்கறீங்க? எத்தனை வருஷமா ரத்தம் குடுக்கறோம், இது எதுக்குன்னு ஒருத்தராவது உக்கார வெச்சுச் சொன்னீங்களா? நம்பரைப் பாப்பீங்க, பிரமாதம்பீங்க, அடுத்த டோக்கன்"னேன். அந்தப் பொண்ணு, "சொல்லியிருக்கணும்மா"ன்னு மட்டும் சொல்லிச்சு. அப்புறம், "நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னுது.

நாங்க போகல. ஃபெயில்னு சொல்லிட்டாங்கன்னா அதை அப்படியே ஒத்துகிட்டுப் போறதா? மறு கூட்டல், மறு மதிப்பீடு எல்லாம் எதுக்கு இருக்கு? ஒரு வாரம் தயார் பண்ணி வேற லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். பழைய டெஸ்டை மட்டும் எடுக்கச் சொன்னேன். சுத்தமா நார்மல். அந்த ரிப்போர்ட்டை அந்தப் பொண்ணு மூஞ்சிலேயே காட்டணும்னு பத்திரமா வெச்சிருந்தேன்.

அந்த ரிப்போர்ட் வந்த மறுநாள் காலைல நான் கரும்பலகைல கணக்கு எழுதிட்டிருக்கேன், ஸ்கூல் லீவுன்னா பிள்ளைங்க காலைலயே டியூஷனுக்கு வந்துடும். பத்து மணி இருக்கும், ஹால் பூரா வெயில். குளிச்சுட்டு வந்து வாசப்படில நின்னாரு. "விளக்கைப் போடு புனிதா"ன்னாரு. நான் திரும்பிப் பாக்காம, வெயில் அடிக்கறது தெரியலையான்னேன். திரும்பிப் பாத்தா சுவத்தைத் தடவிகிட்டு ஸ்விட்ச்சைத் தேடறாரு.

கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். ஒட்டடை மாதிரி தெரிஞ்சுதே, அதுவும் ரத்தம்தானாம். கண் ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க, ஆபரேஷன் பண்ணாங்க. ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணுல வெளிச்சம் தெரியும், ஆள் வந்தா நிழல் தெரியும். அவ்வளவுதான். நான் சொல்றதைக் கேளு, அந்தப் பொண்ணு அந்த டெஸ்டை எடுக்கற வரைக்கும் அவர் நல்லாத்தான் இருந்தாரு. எடுத்துது, போச்சு. இதை நான் யார்கிட்டச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. நீயும் அப்படித்தான் பாக்கற.

ஓசூர்லேர்ந்து எங்க பொண்ணு கயல்விழி வந்தா. ஆஸ்பத்திரி வராந்தால நின்னுகிட்டு, "அப்பா கண்ணை நீதாம்மா"ன்னு ஆரம்பிச்சா. முடிக்கல. அழுதுட்டா. நீ பத்தாங்கிளாஸ்ல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தது யாராலடின்னு கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்னா. சம்பந்தம் இல்லையா? அப்ப மட்டும் டீச்சர் வேணும், இப்ப வேண்டாம். அதுலேர்ந்து அப்பாகிட்டதான் போன்ல பேசறா. என்னை நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை, அதோட சரி.

அதைக்கூட தாங்கிக்கலாம். அவரு பண்ணதுதான் தாங்கல. அந்த டாக்டர் பொண்ணு ஆஸ்பத்திரிக்கே வந்து பாத்துது. நான் மருந்து வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிட்டாரு. யார்டு மெடிக்கல்லேர்ந்து ஆரம்பிச்சு, மாடிப்படி, பாகற்காய், ஜாங்கிரி, ஒண்ணு விடாம. கப்பலைப் பத்திச் சொல்லுவாரே, அதே மாதிரி. நான் வாசல்ல மருந்துப் பையோட நிக்கறேன், உள்ள அவர் சொல்லிட்டிருக்காரு. அத்தனை வருஷம் கூட உக்காந்து தின்னுட்டு என்னைக் காட்டிக் குடுத்துட்டாரு.

வீட்டுல இப்ப பால்கனில நாற்காலி போட்டுக் கடல் இருக்கற திசைல முகத்தை வெச்சுகிட்டு உக்காந்திருப்பாரு. அங்கேர்ந்து கடல் தெரியாது, முன்னாலயும் தெரியாது. மாத்திரையைத் தினமும் தானே தடவி எடுத்துப் போட்டுக்கறாரு. இனிப்பு தொடறதில்ல. இப்ப எதுக்கு இதெல்லாம்னு கேட்டேன். "கால் ரெண்டும் இன்னும் இருக்கு புனிதா"ன்னாரு. என்ன பேச்சு இது, சொல்லு.

எனக்கா? எனக்கும் சர்க்கரை இருக்கு. அவருக்கு அப்புறம் கொஞ்ச நாள்ல வந்துது. பெரிசா ஒண்ணும் இல்ல, எல்லா டெஸ்ட்டும் பாஸ்தான். நான் என்னையே ஃபெயில் ஆக விடுவேனா?

போன வாரம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சாரு. கையைத் தேடிப் பிடிச்சுகிட்டாரு. "உனக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, படிக்காமப் போய் எழுதிட்டு வா புனிதா. அந்த மூணு மாச டெஸ்டையும் கேட்டு எடுத்துட்டு வா. என்ன வருதோ வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்"னாரு. பாத்துக்கலாமாம், இவரு. சரின்னேன். அவர் கையில அடிச்சுச் சத்தியமும் பண்ணேன். பண்ணாம எழுந்திருக்க விடலையே.

மறுநாளே பாகற்காய் வாங்கிட்டேன். என்ன பண்றது, எனக்கு வேற மாதிரி தெரியாது. அடுப்புல வதக்கறேன், பால்கனிலேர்ந்து, "பாகற்காய் வாசனை வருதே"ன்னாரு. எதிர்வீட்டுலன்னேன். அந்த வாரம் பூரா தினமும் வாசனை வந்துது, தினமும் அவர் ஒண்ணும் சொல்லல. இன்னிக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் தடவிகிட்டே வந்தாரு. "நல்லபடியா எழுதிட்டு வா"ன்னாரு. அது வாழ்த்தா, குத்தலான்னு எனக்கு இப்ப வரைக்கும் புரியல.

இங்க கவுன்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு கேட்டா, மூணு மாசச் சர்க்கரையும் எடுக்கணுமா ஆன்ட்டின்னு. வேண்டாம்னுட்டேன். யோசிச்சுப் பாரு. அதுல நான் ஃபெயில்னு வந்துதுன்னு வெச்சுக்கோ. அப்ப அவர் கண்ணு போனதுக்கும் நான்தான்னு ஆயிடாது? கயல் சொன்னதும் சரி, ஜெயசீலி கதவைச் சாத்தினதும் சரின்னு ஆயிடாது? என் கையில இத்தனை பிள்ளைங்க பாஸ் ஆகியிருக்காங்க. நான் எப்படிம்மா ஒத்துக்க முடியும்?

அதுவும் அந்த டெஸ்ட்ல பாஸ் ஆகணும்னா மூணு மாசமும் ஒழுங்கா இருக்கணுமாம். தினமும் மாத்திரை, தினமும் நடை, தினமும் அளவாச் சாப்பாடு. அது முடிஞ்சதும் அடுத்த மூணு மாசம். அப்ப அது என்ன பரிட்சை, எப்பதான் முடியும்? ஜாங்கிரி எப்ப திங்கறது? பையிலயே வெச்சிருக்கேன் பாரு, கீழ கடைல வாங்கினேன். ரெண்டாவது ரத்தம் குடுத்துட்டு இங்கயே உக்காந்து தின்னுட்டுப் போயிடுவேன். வீட்டுல வெச்சு இனிமே தின்ன முடியாது. அவருக்கு மோப்பம் ஜாஸ்தியாயிடுச்சு.

ரிப்போர்ட் நார்மல்னுதான் வரும். வராட்டியும், அவருக்குப் படிச்சுக் காட்டப் போறது நான்தானே.

நான் சொன்னதெல்லாம் போன்ல அடிச்சுகிட்டியா? முன்னாடி வாரம் சோறு கூடாது. வெந்தயம், பாகற்காய், கோதுமைக் கஞ்சி. வேன் ஓட்டறவருக்கு நடக்க நேரம் இருக்காது, படி ஏறி இறங்கச் சொல்லு. என்ன, அடிச்சுக்கலையா? ஏன்? சும்மா கையில வெச்சுகிட்டு என்னையே பாத்துட்டிருக்க. உன் இஷ்டம். நல்லதுக்குச் சொன்னேன். அப்புறம் வேலை போச்சுன்னு வந்து நிக்காத.

என் பேரைக் கூப்பிடறா. இரு, வர்றேன். அந்தக் கவுன்டர் பொண்ணுகிட்ட நீயாவது ஒரு வார்த்தை சொல்லு, ஒட்டடை அடிக்கச் சொல்லு, அசிங்கமா இருக்கு. எதுன்னு கேக்கறியே, அதோ அந்த மூலைல, அப்ப வந்த உடனே காட்டினேனே. இல்லையா? நல்லாப் பாரு. கறுப்பா, நூல் மாதிரி. ஃபேன் கிட்ட. இல்ல, இல்ல, இப்ப கதவு மேல. ஏம்மா அப்படிப் பாக்கற?

ஒண்ணும் இல்ல, கண்ணாடில அழுக்கா இருக்கும். உன் துப்பட்டாவைக் கொஞ்சம் குடு, துடைச்சுக்கறேன். வீட்டுலேர்ந்து கிளம்பும்போது துடைச்சுட்டுத்தான் வந்தேன்.